கூண்டும் கொடாப்பும்

மனிதனோடு நெடுங்காலமாக வாழ்ந்துவரும் விலங்கு நாய். காவலுக்கும் வேட்டைக்கும் மந்தைக்கும் துணைநின்ற அது, இன்று அடுக்ககங்களின் சிறிய அறைகளுக்குள்ளும் வாழப் பழகிவருகிறது. திண்ணையும் கொல்லையும் இல்லாத வீட்டில் ஒரு நாய்க்குட்டிக்குத் தூய்மையைக் கற்பிப்பது எப்படி? அதற்குக் கூண்டு உதவுமா? கூண்டு என்பது காப்பா, சிறையா? இவ்வினாக்களுக்கு மதுரையில் ஒரு குடும்பம் விடை தேடிய முப்பது நாள்களைப் பற்றியது இக்கட்டுரை.

மழைநாள் விருந்தாளி

ஐப்பசி மழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு மாலைப்பொழுது. பள்ளி முடிந்து வீடு திரும்பிய பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தெருமுனைத் தேநீர்க்கடையின் பின்புறம் நின்றுவிட்டாள். அங்கே நான்கு குட்டிகளோடு கிடந்த தாய்நாயை அவள் ஒரு மாதமாகப் பார்த்துவந்தாள். தாய் லாரியில் அடிபட்டு இறந்து மூன்று நாள்களாகியிருந்தன. குட்டிகளுள் இரண்டைக் காணவில்லை. ஒன்றைக் கடைக்காரர் தம் வீட்டிற்கு எடுத்துச் சென்றுவிட்டார். எஞ்சிய செந்நிறக் குட்டி, நனைந்த சாக்கின்மேல் நடுங்கிக்கொண்டு கிடந்தது. அதைத் தன் மழைச்சட்டைக்குள் வைத்து எடுத்து வந்தாள். அதன் நிறமே அதற்குப் பெயராயிற்று. வீட்டில் எல்லாரும் அதைச் 'செவலை' என்று அழைத்தனர்.

அவர்கள் வீடு ஒரு மூன்றுமாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்தது. இரண்டே அறைகள், ஒரு சமையற்கட்டு. தந்தை பேருந்து நடத்துநர். முதல் பேருந்துக்கு விடியுமுன் புறப்பட வேண்டியவர். தாய் துணிக்கடையில் வேலை பார்ப்பவர். கிராமத்திலிருந்து வந்து மகன் வீட்டில் தங்கியிருந்த அப்பத்தாவையும் சேர்த்து நால்வர். ஐந்தாவதாக ஓர் உயிருக்கு அங்கே இடமில்லை என்பதைக் கணக்குப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம்.

வந்த முதல் நாளிலேயே செவலை ஏழு இடங்களில் வீட்டை நனைத்தது. ஏழாவது இடம் தந்தையின் சீருடை மடித்து வைத்திருந்த பாய். அவர் கோபப்படவில்லை; ஆனால் ஒரு கெடு வைத்தார்.

"ஒரு மாசம் பாப்போம்மா. வாடகை வீடு. கீழ்வீட்டுக்காரங்க ஒரு வார்த்த சொல்ற மாதிரி ஆயிரக் கூடாது. அதுக்குள்ள பழகலேன்னா எடுத்த இடத்துலயே கொண்டுபோய் விட்டுரணும்."

எடுத்த இடம் எது என்பதை அவள் அறிவாள். லாரிகள் திரும்பும் அந்தத் தெருமுனையை அவள் நாள்தோறும் கடந்துதானே செல்கிறாள்?

தெரியுமா?
நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமைப் பெயர் 'குருளை' என்று தொல்காப்பிய மரபியல் குறிப்பிடுகிறது. சங்க இலக்கியத்தில் நாய்க்கு 'ஞமலி' என்னும் பெயரும் வழங்கியுள்ளது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல், முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தைச் சேர்ந்தது. அதில் வீரனின் உருவத்தோடு, 'கோவிவன்' என்னும் பெயருடைய நாயின் உருவமும் பொறிக்கப்பட்டுள்ளது.

தாய் தொடங்கிய பாடம்

மறுநாள் குட்டியை அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். மருத்துவர் பற்களைப் பார்த்து, எட்டு வாரக் குட்டி என்றார். முதல் தடுப்பூசி போட்டார். கெடுவைப் பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டு, "பாதிப் பாடத்த அதோட அம்மாவே நடத்தி முடிச்சிருக்கும்மா. மிச்சத்தத்தான் நீ நடத்தணும்" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். நாய்க்குட்டிகள் கண்ணும் காதும் திறவாமலே பிறக்கின்றன. முதல் சில வாரங்களில் அவற்றால் தாமாகக் கழிவை வெளியேற்றவும் இயலாது. தாய் நக்கிக் கொடுத்துத் தூண்டினால்தான் கழிவு வெளிப்படும். அதையும் தாயே நக்கித் தூய்மை செய்துவிடும். அதனால் குட்டிகள் படுக்கும் இடம் எப்போதும் உலர்ந்தே இருக்கும். ஏறத்தாழ மூன்று வாரங்களானதும் குட்டிகள் தள்ளாடி எழுந்து, படுக்கையை விட்டுச் சற்று விலகிச் சென்று கழிக்கத் தொடங்குகின்றன. படுக்குமிடத்தை அசுத்தப்படுத்தாமை என்னும் இயல்பு இவ்வாறு வேர்கொள்கிறது.

குட்டிகளின் வளர்ச்சிப் பருவங்களை முறையாக ஆராய்ந்தவர்களுள் ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் ஆகிய இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வின் முடிவுகளை 1965ஆம் ஆண்டு அவர்கள் நூலாக வெளியிட்டனர். பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலமே நாய்க்குட்டி பிற உயிர்களோடு உறவுகொள்ளக் கற்கும் முதன்மையான பருவம் என்பது அவர்கள் கண்ட உண்மைகளுள் ஒன்று. செவலை அப்பருவத்தின் நடுவில் இருந்தது. அது எதைக் கற்றாலும், எதற்கு அஞ்சினாலும் ஆழமாகப் பதியும் காலம் அது.

வீடு முழுவதையும் தன் படுக்கையாகக் குட்டியால் எண்ண இயலாது. மனிதருக்கு இரண்டு அறை என்பது சிறு வீடு; குட்டிக்கோ அது ஒரு பெருவெளி. படுக்கும் மூலையிலிருந்து பத்தடி தள்ளிச் சென்று நனைத்த செவலை, தன் அறிவுக்கு எட்டிய வரையில் தூய்மையைக் கடைப்பிடித்தே வந்திருக்கிறது. அதன் படுக்கை எது என்பதைக் குட்டிக்கு விளங்கும் அளவில் சுருக்கிக் காட்டுவதே கூண்டின் வேலை.

பலகை வைத்த கூண்டு

அதே கட்டடத்தில் குடியிருந்து பணிமாறுதலில் சென்ற ஒருவர், பெரிய நாய்க்காகச் செய்த இரும்புக் கம்பிக் கூண்டு ஒன்றை மாடிப்படியின் அடியில் விட்டுச் சென்றிருந்தார். அதைத் துடைத்துத் துருநீக்கி வீட்டிற்குள் கொண்டுவந்தனர். செவலைக்கு அது மிகப் பெரிது. இடம் மிகுந்தால் குட்டி ஒரு கோடியில் படுத்து மறுகோடியை நனைக்கும். நிற்கவும் திரும்பவும் கால்நீட்டிப் படுக்கவும் போதுமான இடமே தேவை. ஆகவே, நடுவில் ஒரு மரப்பலகையை நிறுத்தி இடத்தைக் குறைத்தனர். குட்டி வளர வளரப் பலகையைப் பின்னுக்குத் தள்ளலாம் என்பது திட்டம். அப்பத்தாவின் பழைய நூல்சேலை ஒன்று விரிப்பாயிற்று.

குட்டியைப் பிடித்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தக் கூடாது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். முதல் இரண்டு நாளும் கதவு திறந்தே கிடந்தது. சோற்றுத்தட்டு முதலில் வாயிலருகிலும், பின்னர்ச் சற்று உள்ளேயும், அதன்பின் கோடியிலும் வைக்கப்பட்டது. உண்ணும்போது ஒரு நொடி சாத்தித் திறந்தனர். பிறகு ஒரு நிமிடம். பிறகு ஐந்து நிமிடம். கழுத்துப்பட்டை கம்பியில் சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதால், உள்ளே விடும்போது அதைக் கழற்றிவிடுவர்.

இந்த ஏற்பாடு அப்பத்தாவுக்கு மட்டும் பிடிக்கவே இல்லை.

"ஏத்தா, வாயில்லாச் சீவன இப்படிக் கம்பிக்குள்ள போடுறியே, அது என்ன களவா பண்ணுச்சு?" என்றார். கூண்டுக் கதவு சாத்தப்படும் ஒவ்வொரு முறையும் அவர் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார். கிராமத்து மனிதர், கூண்டு புதிது, அதனால்தான் இப்படி என்று பேத்தி நினைத்துக்கொண்டாள்.

குறிப்பேடு

கூண்டு எதையும் கற்பிப்பதில்லை. அடுத்து எப்போது வெளியே செல்ல வேண்டும் என்பதை மனிதர் அறிந்துகொள்ளும்வரை, அது குட்டியைப் பொறுத்திருக்கச் செய்கிறது, அவ்வளவே. அந்த அறிதலுக்காக அவள் ஒரு குறிப்பேடு தொடங்கினாள்.

குட்டி தூங்கி எழுந்தவுடன் ஒருமுறை, உண்டபின் கால்மணி முதல் அரைமணி நேரத்திற்குள் ஒருமுறை, விளையாடி முடித்ததும் ஒருமுறை, இரவு படுக்குமுன் ஒருமுறை வெளியே கொண்டு செல்ல வேண்டும். வயது எத்தனை மாதமோ அதனோடு ஒன்றைக் கூட்டினால், அத்தனை மணிநேரம் வரை குட்டியால் அடக்கிக்கொள்ள இயலும் என்பது பயிற்றுநர் பலரும் கூறும் தோராயக் கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணிநேரம். அதுவும் எல்லையே ஒழிய இலக்கன்று. எனவே இரவு ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் கடிகாரம் ஒலிக்க வேண்டியதாயிற்று. ஒரு மணி மகளின் பொறுப்பு. நான்கு மணி தாயின் பொறுப்பு.

தடுப்பூசித் தவணைகள் முடியும்வரை தெருநாய்கள் நடமாடும் மண்ணில் குட்டியை விடக் கூடாது. பார்வோ என்னும் நச்சுயிரி மண்ணில் நெடுநாள் தங்கியிருந்து குட்டிகளைக் கொல்லவல்லது. ஆதலால், மொட்டைமாடியின் ஒரு மூலையில் அகலமான பழைய தொட்டி ஒன்றில் மண் நிரப்பி வைத்தனர். ஒவ்வொரு முறையும் குட்டியைக் கையில் ஏந்தி, ஒரே மூலைக்கு, ஒரே வழியில் கொண்டு சென்றனர். மழை பெய்தால் ஒருவர் குடை பிடித்தார்.

குறிப்பேட்டின் பக்கங்கள் இவ்வாறு நிறைந்தன: 'காலை 6.10, எழுந்ததும், மாடி. 6.50, சோற்றுக்குப் பின், மாடி. 8.05, கட்டிலடி, தவறு. நான் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.' 'தவறு' என்ற சொல்லுக்கு அருகில் அந்த நேரத்தில் வீட்டிலிருந்தவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் எழுதுவது அவள் வகுத்துக்கொண்ட விதி. ஒரு வாரம் கழித்துப் புரட்டிப் பார்த்தபோது, தவறுகள் யாவும் யாரோ ஒருவர் கண்ணை எடுத்த நேரங்களாகவே இருந்தன.

தண்டனையின் பயனின்மை

நனைத்த இடத்தில் குட்டியின் மூக்கைத் தேய்த்தால் புத்தி வரும் என்றார் வாயிற்காவலர். அப்படியே செய்து பழகிய வீடுகள் பல. ஆனால், அவ்வாறு தண்டிக்கப்படும் குட்டி, 'தரையில் கழிக்கக் கூடாது' என்று கற்பதில்லை. 'மனிதர் பார்க்கும்போது கழிக்கக் கூடாது' என்றே கற்கிறது. அதன்பின் அது மாடிக்குச் சென்றாலும் மனிதர் அருகில் நிற்கையில் அடக்கிக்கொண்டு, வீட்டிற்குத் திரும்பியதும் அலமாரியின் பின்னால் ஒளிந்து கழிக்கும்.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு தார்ன்டைக், பூனைகளையும் நாய்களையும் பெட்டிகளுக்குள் வைத்து, அவை கதவைத் திறந்து வெளியேறக் கற்பதை ஆராய்ந்தவர். நிறைவு தரும் விளைவைப் பெற்ற செயல் மீண்டும் நிகழும் வாய்ப்பு மிகும் என்பது அவர் கண்டறிந்த 'விளைவு விதி'யின் சாரம். 1898இல் அவர் வெளியிட்ட அவ்வாய்வை மொட்டைமாடி மூலையிலும் காணலாம். தொட்டி மண்ணில் செவலை கழித்து முடித்த அந்த நொடியிலேயே ஒரு துண்டு அவித்த முட்டையும் ஒரு தட்டிக்கொடுத்தலும் கிடைத்தன. படியிறங்கி வீட்டிற்கு வந்தபின் கொடுத்தால், படியிறங்கியதற்கான பரிசென்றே குட்டி கருதும். பரிசு சிறிதாயினும் காலம் தாழ்த்தலாகாது.

தவறு நேர்ந்த இடத்தைத் தூய்மை செய்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. நாயின் மூக்கு மனித மூக்கைவிடப் பன்மடங்கு கூர்மையானது. நமக்குத் தெரியாத மணமும் அதற்கு ஒரு வழிகாட்டிப் பலகையாகிவிடும். அம்மோனியா கலந்த நீர்மத்தால் துடைத்தால் அது சிறுநீரின் மணத்தையே நினைவூட்டும். எனவே, வினிகர் கலந்த நீரால் துடைத்தனர்.

எட்டாம் நாள் குறிப்பேட்டில் ஒரே ஒரு தவறுதான் பதிவாகியிருந்தது.

ஏழரை மணிநேரம்

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. தீபாவளிக்குப் பத்து நாள்களே இருந்தன. உறவினர் வீட்டுத் துக்கத்திற்காக அப்பத்தா ஊருக்குப் போயிருந்தார். தந்தை விடியுமுன்னரே பணிக்குச் சென்றுவிட்டார். காலை எட்டரை மணிக்குச் செவலையைக் கூண்டில் விட்டுச் சாத்தி, மகள் சிறப்பு வகுப்பிற்குப் புறப்பட்டாள். பதினொன்றரைக்கு உணவு இடைவேளையில் தாய் வந்து திறப்பதாக ஏற்பாடு.

பண்டிகைக் கூட்டம் கடையை நிறைத்தது. இடைவேளை விடப்படவில்லை. மகள் மதியத்திற்குள் வந்துவிடுவாள் என்று தாய் எண்ணினார். வகுப்பு முடிந்ததும் தேர்வு ஒன்று வைக்கப்பட்டது. அம்மா திறந்திருப்பார் என்று மகள் எண்ணினாள். ஒருவர்மீது ஒருவர் கொண்ட நம்பிக்கையில், சாத்திய கதவு சாத்தியபடியே இருந்தது.

மாலை நான்கு மணிக்கு அவள் படியேறியபோதே நாற்றம் தெரிந்தது. கூண்டில் விரித்திருந்த சேலை சுருண்டு நனைந்து கிடந்தது. அதன்மேல் நிற்க மனமின்றிச் செவலை ஒரு மூலையில் உடலை ஒடுக்கி நின்றது. கம்பியைக் கடித்துக் கடித்து ஈறு சிவந்திருந்தது. தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து வறண்டிருந்தது. குரைத்துக் குரைத்துக் குரல் கட்டிப்போனதால், அவளைக் கண்டபோது அதன் வாயிலிருந்து காற்று மட்டுமே வெளிப்பட்டது.

மூன்று மணிநேரம் தாங்கக்கூடிய உயிரை ஏழரை மணிநேரம் அடைத்து வைத்திருந்தார்கள். வீட்டின் தரையை நனைத்ததற்காக அது ஒருநாளும் இப்படி நடுங்கியதில்லை. தன் படுக்கையைத் தானே அசுத்தப்படுத்த நேர்ந்துவிட்டது. தாய் கற்பித்த முதல் பாடத்தை மீற வேண்டியதாயிற்று. அதைக் குளிப்பாட்டித் துவட்டி மடியில் வைத்துக்கொண்டபோது அவள் அழுதாள்.

அன்றிரவு கூண்டின் அருகே கொண்டு சென்றதும் செவலை நான்கு கால்களையும் ஊன்றிப் பின்வாங்கியது. மறுநாளும் அப்படியே. குறிப்பேட்டில் தவறுகள் மீண்டும் ஐந்து, ஆறு என ஏறின. சில இடங்கள் அலமாரியின் பின்னால் இருந்தன. தந்தை ஒன்றும் சொல்லவில்லை; நாள்காட்டியை மட்டும் ஒருமுறை பார்த்தார்.

அப்பத்தாவின் கொடாப்பு

பதினோராம் நாள் அப்பத்தா திரும்பினார். நடந்ததைப் பேத்தி மறைக்காமல் சொன்னாள். "நீங்க சொன்னதுதான் சரி அப்பத்தா. கூண்டத் தூக்கி வெளிய போட்டுருவோம்" என்றாள்.

அப்பத்தா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

அவருடைய தந்தை ஆட்டுமந்தை வைத்திருந்தவர். பொழுது விடிந்ததும் மந்தை மேய்ச்சலுக்குப் போகும். பால்குடி மறவாத குட்டிகளால் அவ்வளவு தொலைவு நடக்க இயலாது. அவற்றைத் திறந்தவெளியில் விட்டால் நரியும் நாயும் கொண்டுபோய்விடும். ஆகவே, மரநிழலில் நிறுத்தி, மூங்கில் சிம்பால் பின்னிய பெரிய கூடையைக் கவிழ்த்து மூடிவிடுவர். அதற்குக் கொடாப்பு என்று பெயர். நிழல் நகர நகரக் கொடாப்பை நகர்த்துவதும், நேரத்திற்குத் தூக்கிக் குட்டிகளுக்குத் தழையும் தண்ணீரும் காட்டுவதும் சிறுமியாக இருந்த அப்பத்தாவின் வேலை.

"ஒருநா பாண்டி வெளையாடப் போயிட்டேன். நெழல் நகந்து போச்சு. உச்சி வெயிலு. ஓடியாந்து தூக்கிப் பாத்தா, ரெண்டு குட்டி எந்திரிக்கவே இல்ல." சொல்லிவிட்டு அவர் செவலையின் முதுகைத் தடவினார். "எங்கய்யா என்னிய அடிக்கல. கொடாப்பையும் எரிக்கல. மறுநாளும் அத ஏங் கையிலதான் குடுத்தாரு. கொடாப்பு இல்லேன்னா நரி தூக்கிட்டுப் போயிரும். தப்பு அதுல இல்ல ஆத்தா. தூக்க மறந்த கையிலதான் இருந்துச்சு."

கூண்டுக் கதவு சாத்தப்படும்போதெல்லாம் அவர் ஏன் அடுத்த அறைக்குப் போனார் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவர் கூண்டை அறியாதவர் அல்லர். அவ்வீட்டில் கூண்டை முழுமையாக அறிந்தவர் அவர் ஒருவரே.

அப்பத்தா சொன்னது ஒரு வீட்டிற்கு மட்டும் உரியதன்று. கூண்டுப் பயிற்சியை ஏற்கும் வல்லுநர்களும், அது நாள்முழுதும் அடைத்து வைப்பதற்கான கருவி அன்று என்பதையே வலியுறுத்துகின்றனர். சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளில் வீட்டு நாயைக் கூண்டில் அடைத்து வைப்பதைச் சட்டமே கட்டுப்படுத்துகிறது. சில நாய்களுக்கு அடைபடுதலே பெரும் அச்சத்தைத் தரும். அவற்றிற்குக் கூண்டு எவ்வகையிலும் ஏற்றதன்று. அத்தகைய நாய்க்குச் சிறு வேலி இட்ட ஒரு மூலையும், இடைவிடாத கண்காணிப்பும் போதும். செவலை எந்த வகை என்பதைப் பொறுத்திருந்துதான் அறிய வேண்டியிருந்தது.

மீண்டும் முதலிலிருந்து

மறுநாள் தந்தை கூண்டின் கதவைக் கீல்களிலிருந்து கழற்றி மொட்டைமாடியில் வைத்தார். விரிப்பாகப் புதிதாக ஒரு சேலை வந்தது. அப்பத்தா கூண்டின் அருகே பாய்விரித்துப் படுத்துக்கொண்டார். தட்டு மீண்டும் கூண்டுக்கு வெளியே இரண்டடி தள்ளி வைக்கப்பட்டது. நாளுக்கு ஒரு சாண் அளவே அது கூண்டை நெருங்கியது. கூண்டு இல்லாத குறையைக் கண்கள் ஈடுசெய்ய வேண்டியிருந்தது. ஒருவர் எழுந்தால், "நீ பாத்துக்கோ" என்று மற்றவரிடம் சொல்லிவிட்டே எழுந்தனர். பதினாறாம் நாள் செவலை முன்னங்கால்களைக் கூண்டுக்குள் வைத்து உண்டது. பதினெட்டாம் நாள் முழு உடலும் உள்ளே போனது. உண்டு முடித்ததும் விரைந்து வெளியே வந்துவிட்டது.

பத்தொன்பதாம் நாள் தீபாவளி. பொழுது சாய்ந்ததும் தெருவில் சரவெடிகள் வெடிக்கத் தொடங்கின. சன்னலும் கதவும் சாத்தியிருந்தும் சுவர்கள் அதிர்ந்தன. செவலை கட்டிலடியில் புகுந்தது. அங்கிருந்து சமையற்கட்டுக்கு ஓடியது. அவள் மடியில் ஏறியது. அதிலும் நில்லாமல் இறங்கியது. அவள் அதைப் பிடிக்க எழுந்தபோது அப்பத்தா கையமர்த்தினார். "விடு, அதுவா தேடட்டும்."

அது அறையை இருமுறை சுற்றிவந்தது. பிறகு, கதவில்லாத கூண்டுக்குள் நுழைந்து, பலகையோடு ஒட்டிச் சுருண்டு, முகத்தைச் சேலைக்குள் புதைத்துக்கொண்டது. அப்பத்தா ஒரு போர்வையைக் கூண்டின்மேல் விரித்து, வாயிலை மட்டும் திறந்து விட்டார். வெடிச்சத்தம் ஓய நள்ளிரவாயிற்று. அதுவரை அது வெளியே வரவில்லை. யாரும் அதை அழைக்கவும் இல்லை.

பலகையும் முடிச்சும்

கதவு மீண்டும் பொருத்தப்பட்டபோது, அதனோடு ஒரு சிலேட்டுப் பலகையும் மாட்டப்பட்டது. 'சாத்திய நேரம்', 'திறக்க வேண்டிய நேரம்', 'திறப்பவர்' என மூன்று வரிகள். 'திறப்பவர்' என்ற இடத்தில் பெயர் எழுதாமல் கதவைச் சாத்தக் கூடாது. வீட்டில் ஒருவரும் இல்லாதபோது சாத்தவே கூடாது என்பது புதிய விதி. எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தா, தமக்குரிய முறை வரும்போது முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார். திறந்தபின்பே அம்முடிச்சை அவிழ்ப்பார்.

குறிப்பேட்டில் தவறுகள் மீண்டும் குறைந்தன. இருபத்து நான்காம் நாள் ஒன்று. இருபத்தாறாம் நாள் ஒன்றுமில்லை. இருபத்தெட்டாம் நாள் இரண்டு. கடிகாரம் ஒலித்தும் அவள் எழவில்லை. குட்டி முழுக் கட்டுப்பாட்டைப் பெறப் பல மாதங்கள் ஆகும் என்று மருத்துவர் முன்னரே கூறியிருந்தார். முப்பது நாளில் எந்தக் குட்டியும் முழுமையாகப் பழகிவிடுவதில்லை. கெடு வைத்தவருக்கு அதை எப்படி எடுத்துச் சொல்வது என்று எண்ணியபடியே இருபத்தொன்பதாம் நாள் இரவு அவள் உறங்கிப்போனாள்.

முப்பதாம் நாள் காலையில் விழித்தபோது கூண்டின் கதவு திறந்திருந்தது. செவலை உள்ளே உறங்கிக்கொண்டிருந்தது. அதன் பாதங்களில் ஈரமண் ஒட்டியிருந்தது. தந்தை முதல் பேருந்துக்குப் புறப்பட்டுப் போயிருந்தார்.

அவள் குறிப்பேட்டை எடுத்தாள். பயணச்சீட்டுக் கணக்கு எழுதிப் பழகிய, சாய்வான கையெழுத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது.

'4.10. உள்ளேயிருந்து முனகிக் கூப்பிட்டது. மாடி. அப்பா.'

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் கால்நடைகளையும் கோழிகளையும் பாதுகாக்கப் பயன்படுத்தும் கொடாப்பு, பஞ்சாரம், பட்டி போன்றவற்றின் பெயர்களையும் பயன்களையும் முதியோரிடம் கேட்டுத் தொகுக்க.

2. 'காப்பும் சிறையும்' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.

3. செவலை அடைபட்டிருந்த ஏழரை மணிநேரத்தை அதன் நிலையிலிருந்து ஒரு பக்க அளவில் எழுதுக.